பிரெஞ்சு காபிக் கடையும் பக்கத்து அறை பிரிண்டரும்

வேலைக்காக தில்லி, புனே, ஐதராபாத் என்று வந்து சேர்ந்த நம்மவர்கள் வீட்டில் ஒரு காலத்தில் இதே காட்சிதான். ஹாலில் ஒரு பழைய விண்டோஸ் டெஸ்க்டாப், அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு பிரிண்டர். உள்ளறையில் ஆபீஸ் கொடுத்த லேப்டாப். கொஞ்சம் கிறுக்குப் பிடித்த வீடென்றால் லினக்ஸ் போட்ட மெஷின் ஒன்றும் இருக்கும். ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தால், அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஹாலுக்கு ஓட வேண்டும்.

அப்புறம் யாராவது ஒரு நண்பர் வந்து, ஃபோல்டரையும் பிரிண்டரையும் 'ஷேர்' பண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். ஓட்டம் நின்றுவிடும். ஆனால் விண்டோஸ் ஒருவர் செய்தது, லினக்ஸ் வேறு யாரோ செய்தது. இரண்டும் எப்படி ஒரே பாஷை பேசுகின்றன? யார் கற்றுக்கொடுத்தார்கள்? யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் விஷயமே.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1970களின் தொடக்கம். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். அங்கே கேரி ஸ்டார்க்வெதர் என்பவர் லேசர் பிரிண்டரை உருவாக்கிக்கொண்டிருந்தார். நொடிக்கு ஒரு பக்கம் அச்சடிக்கும் ராட்சசன். மேஜைக்கு ஒன்று வாங்கிவைக்கிற சமாச்சாரம் இல்லை. ஆனால் அதே இடத்தில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் என்ற கனவோடு 'ஆல்டோ' என்ற மெஷினும் 1973ல் தயாரானது. அத்தனை ஆல்டோவும் அந்த ஒரு பிரிண்டரிடம் போய்ச் சேர ஒரு வழி வேண்டுமே! பாப் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் சேர்ந்து நொடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஈதர்நெட்டைக் கட்டினார்கள். நெட்வொர்க் வந்த பிறகுதான் பிரிண்டரைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று நினைப்போம். உண்மையில் பிரிண்டரைப் பகிர வேண்டிய அவசியமும் நெட்வொர்க் பிறந்ததற்கு ஒரு காரணம்.

ஈதர்நெட் வெறும் ரோடு. அதில் போகிறவர்கள் பேச ஒரு பாஷை வேண்டும். 1980களின் முற்பாதியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் அதை வடிவமைத்தார். அதுதான் எஸ்.எம்.பி. யோசனை எளிமையானது. ஒரு புரோகிராம் "இந்த ஃபைலைத் திற" என்று டாஸிடம் கேட்கும்போது நடுவில் ஒருவர் அதை மறித்துப் பார்ப்பார். ஃபைல் இதே மெஷினில் இருந்தால் விட்டுவிடுவார். வேறு மெஷினில் இருந்தால் கேள்வியை ஒயர் வழியாக அங்கே அனுப்பி, பதிலை வாங்கிக் கொடுப்பார். பிரிண்டருக்கும் அதே வித்தைதான். ஃபைல் பக்கத்து அறையிலிருந்து வந்தது என்பது புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது.

மைக்ரோசாஃப்ட் இதை எடுத்து வளர்த்தது. 1992ல் வந்த 'விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ்', தனியாக ஒரு சர்வர் இல்லாமலே எந்த மெஷினும் தன் ஃபைலையும் பிரிண்டரையும் பகிரலாம் என்றாக்கியது. விண்டோஸ் 95க்குப் பிறகு நம் ஊர் ஆபீஸ்களிலும் இதே கதை. பிரிண்டர் அக்கவுண்டண்ட் மேஜையில் இருக்கும். அவர் மெஷினை அணைத்துவிட்டு லீவில் போனால், அன்றைக்கு யாருக்கும் பிரிண்ட் கிடையாது :-)

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எஸ்.எம்.பி.யின் ஆரம்ப வடிவத்துக்கு ஆவணங்கள் இருந்தன. ஆனால் மைக்ரோசாஃப்ட் வெர்ஷனுக்கு வெர்ஷன் சேர்த்துக்கொண்டே போனவற்றில் பலவற்றை வெளியே சொல்லவில்லை. விண்டோஸ் அல்லாத மெஷின் வைத்திருப்பவர் வீதியில் நிற்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் நம் கதாநாயகர் வருகிறார். பெயர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. மாணவர். 1991 டிசம்பரில் அவருக்கு ஒரு சின்னத் தேவை. சன் யூனிக்ஸ் மெஷினில் இருக்கும் ஃபைல்கள் தன் டாஸ் பி.சி.யில் தெரிய வேண்டும். பி.சி.யில் இருந்ததோ டிஜிட்டல் நிறுவனத்தின் நெட்வொர்க் சாஃப்ட்வேர். அது பேசும் பாஷைக்கு அவர் கையில் புத்தகம் இல்லை. ஒயரில் போகும் வரும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்து, "இது இப்படிக் கேட்டால் அது இப்படிப் பதில் சொல்கிறது" என்று குறித்துக்கொண்டு, அதே பதில்களைச் சொல்லும் ஒரு சர்வரை எழுதிவிட்டார். 1992 தொடக்கத்தில் இலவசமாக வெளியிட்டார். பிறகு இரண்டு வருடம் அதை மறந்தே போனார்.

மறுபடி தூசு தட்டக் காரணம், மனைவியின் விண்டோஸ் கம்ப்யூட்டர். அதைத் தன் லினக்ஸ் மெஷினோடு இணைக்கப் பழைய சர்வரை ஓட்டிப்பார்த்தார். வேலை செய்தது! தான் அன்றைக்குக் கற்றது ஏதோ ஒரு கம்பெனியின் தனி பாஷை இல்லை, உலகம் முழுக்க விண்டோஸ் பேசுகிற அதே பாஷை என்பது அப்போதுதான் புரிந்தது.

இந்த முறையை அவர் பிற்பாடு ஒரு பிரெஞ்சு காபிக் கடையை வைத்து விளக்கினார். பிரெஞ்சு கற்க வேண்டும், புத்தகமும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது என்றால் என்ன செய்வது? காபிக் கடையில் போய் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், என்ன கிடைக்கிறது என்று கவனிக்க வேண்டியதுதான்.

இந்தி தெரியாமல் தில்லிக்கு ரயிலேறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்னால் நிற்கும் அம்மா "ஏக் பாவ்" என்கிறார், காய்கறிக்காரர் கால் கிலோ நிறுக்கிறார். அடுத்து நாமும் "ஏக் பாவ்" என்கிறோம். கால் கிலோ வந்தால் பாடம் சரி. தப்பாகச் சொல்லி அவர் முறைத்தால் அதுவும் ஒரு பாடம். டிரிட்ஜெலும் இதைத்தான் செய்தார். விதவிதமாகக் கேள்விகளை அனுப்பி, விண்டோஸ் எந்தப் பிழைச்செய்தியைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்த்தே இலக்கணத்தைப் பிடித்தார்.

அவர் சர்வருக்கு முதலில் வைத்த பெயர், வேறொரு கம்பெனியின் வணிகப்பெயராக இருந்தது. மாற்றச் சொல்லிக் கடிதம் வந்தது. எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் வார்த்தைகளை அகராதி ஃபைலில் தேடச் சொன்னார். கிடைத்த சிலவற்றில் ஒன்று 'சாம்பா'. அதுவே நிலைத்தது. பணம் வேண்டாம், விரும்பினால் பீட்சா வாங்கிக் கொடுங்கள் என்று குறிப்பும் எழுதி வைத்திருந்தார்.

நமக்கு நேரடி லாபமும் உண்டு. 2003 செப்டம்பரில் வந்த சாம்பா 3.0 யூனிகோடில் பேசத் தொடங்கியது. அதற்கு முன்பு தமிழில் பெயர் வைத்த ஃபைல் அந்தப் பக்கம் போனால் கேள்விக்குறிகளாகவோ குப்பை எழுத்துகளாகவோதான் நிற்கும்.

ஒட்டுக்கேட்டே எத்தனை நாள் பிழைப்பது? 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. கூடவே ஃபைல், பிரிண்டர் பகிர்வு செய்யும் சர்வர்கள் பேசும் பாஷையை மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டது. லக்ஸம்பர்க் நீதிமன்றத்தில் சாம்பா குழுவினர் ஆணையத்தின் பக்கம் நின்றார்கள். 2007 செப்டம்பர் 17ல் மைக்ரோசாஃப்ட் தோற்றது. அதே டிசம்பரில் ஒரே ஒரு தடவை 10,000 யூரோ கட்டணம் செலுத்தி, அந்த ஆவணங்கள் சாம்பாவின் கைக்கு வந்தன. 2012ல் சாம்பா 4.0 வந்தபோது மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களே சோதனைகளில் உதவியிருந்தார்கள். கடையில் நின்று கேட்டவரை, இருபது வருடம் கழித்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்!

பகிர்வில் ஆபத்தும் உண்டு. 2017 மே 12ல் பரவிய 'வான்னாக்ரை' வைரஸ், எஸ்.எம்.பி.யின் பழைய முதல் வடிவத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான் மெஷின் மெஷினாகத் தாவியது. பிரிட்டன் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. சரிசெய்யும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது, பலர் போடவில்லை, அவ்வளவுதான். அதே மாதம் சாம்பாவிலும் வேறொரு ஓட்டை கண்டுபிடித்து அடைத்தார்கள். திறந்த பாஷை என்பதால் பூட்டுப் போட மறக்கலாம் என்று அர்த்தமில்லை.

அந்த வருடக் கடைசியிலிருந்து வந்த விண்டோஸ் 10 புதுசாக நிறுவும்போது அந்தப் பழைய வடிவம் பெரும்பாலும் சேர்வதில்லை. உங்கள் பழைய ரவுட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்க் புது லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் இது காரணமாக இருக்கலாம். இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று பழையதைத் திரும்ப இயக்காதீர்கள். ரவுட்டருக்கு அப்டேட் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் டிஸ்க்கை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

இன்றைக்குப் பிரிண்டரே வைஃபையில் பேசுகிறது. பக்கத்து அறைக்குப் போக வேண்டிய போட்டோ எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்விட்டுத் திரும்புகிறது. வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஊரில் அப்பா ஸ்கேன் பண்ணி அனுப்பிய பத்திரமும், பாட்டியின் குரல் பதிவும் வீட்டுக்குள்ளேயே ஒரு டிஸ்க்கில் இருக்கட்டும், எல்லா மெஷினிலும் தெரியட்டும் என்று நினைப்பவர்களுக்கு அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. கடையில் வாங்கும் நெட்வொர்க் டிஸ்க் பெட்டிகள் பலவற்றின் உள்ளே ஓடுவது அந்த மாணவர் ஆரம்பித்த சாம்பாதான். அடுத்த தடவை அதில் ஒரு ஃபோல்டரைத் திறக்கும்போது, பீட்சா வாங்கிக் கொடுக்காத கடன் ஒன்று நமக்கு பாக்கி இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.