படமாளிகையில் மாளிகை எங்கே?

நம் நாட்டுத் தமிழில் தியேட்டருக்குப் "படமாளிகை" என்று ஒரு பெயர் இருக்கிறது. பழைய பத்திரிகை விளம்பரங்களில் பார்த்திருப்பீங்க. ஆங்கிலத்தில் 'பிக்சர் பேலஸ்' என்று சொன்ன காலத்தின் மிச்சம் அது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அம்மாயி தோட்டத்திலிருந்து இறங்கி மாத்தளை டவுனுக்குப் படம் பார்க்கப் போன கதையைச் சொன்னால், அதில் மாளிகை வரவே வராது. கலரி, முதுகு சாய்க்க இடமில்லாத வாங்கு, பீடிப் புகை, மூட்டைப்பூச்சி. "பல்கனி எப்படி இருந்துச்சுன்னு தெரியாது. நாங்க ஏறினதே இல்ல" என்பார்.

அப்படியானால் மாளிகை என்ற சொல்லுக்கு உண்மையிலேயே பொருத்தமான கட்டடம் எது? தேடிப் போனதில் நான் நின்றுவிட்ட இடம் பம்பாய்.

1930களில் அங்கே அடுத்தடுத்துப் பெரிய தியேட்டர்கள் எழுந்தன. 1933இல் திறந்த ரீகல், சார்ல்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்தது. குளிரூட்டப்பட்ட அரங்கு, நிலத்துக்குக் கீழே கார் நிறுத்த இடம், சுவர்களில் சூரியக் கதிர் அலங்காரம். 1938இல் ஈரோஸும் மெட்ரோவும் வந்தன. ஆர்ட் டெகோ என்கிற பாணி இது. 1925ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலிருந்து வந்த பெயர். படிப்படியாக உயரும் கோடுகள், வளைந்த மூலைகள், சூரியக் கதிர், நீரூற்று. கல்லில் செதுக்கிய பழைய கோபுர அழகுக்குப் பதிலாக, கொங்கிரீட்டால் வளைத்து எடுத்த புதுக்கால அழகு. பம்பாயின் இந்தக் கட்டடத் தொகுதியை 2018இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஈரோஸும் அதில் அடக்கம்.

சரி, இந்த மாளிகைகளில் ஓடியது என்ன? பெரும்பாலும் ஆங்கிலப் படம். ரீகலைத் திறந்து வைத்ததே லோரல், ஹார்டி ஜோடியின் படம். மெட்ரோவைக் கட்டியது ஹொலிவூட்டின் எம்.ஜி.எம். கம்பனி. ஊர்ச்சனம் விழுந்து விழுந்து பார்த்த ஹிந்திப் படத்துக்கு அந்த மினுமினுப்பு கிடைக்கவில்லை. ஹபீப் ஹுசைன் என்பவருக்கு இது உறுத்தியிருக்கிறது. ஹிந்திப் படத்துக்கென்றே ஒரு மாளிகை கட்டினார். வேலை தொடங்கியது 1947இல். அதனால்தான் பெயர் லிபர்ட்டி, அதாவது சுதந்திரம்.

முதலில் வரைபடம் போட்ட ரிட்லி அபட் விமான விபத்தில் இறந்துபோக, ஜோன் பெர்னாண்டஸ் கட்டி முடித்தார். உள்ளலங்காரம் வாமன் நம்ஜோஷி. ஜெய்ப்பூரின் புகழ்பெற்ற ராஜ்மந்திரும் பிற்பாடு இவர் கைவண்ணம்தான். 1949இல் மெஹபூப் கானின் 'அந்தாஸ்' படத்தோடு லிபர்ட்டி திறந்தது. நர்கிஸ், திலீப் குமார், ராஜ் கபூர் மூவரும் ஒரே திரையில்.

எனக்குப் பிடித்தது அதன் உட்புறம். சுவரெல்லாம் மரப்பலகை. அது பகட்டுக்கு மட்டும் இல்லை. வெறும் சிமெந்துச் சுவர் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், வசனம் எதிரொலித்துக் குழம்பும். மரம் அதை மட்டுப்படுத்தும். திரையின் இரண்டு பக்கமும் உறைந்துபோன நீரூற்று மாதிரி அடுக்கடுக்காக எழும் வேலைப்பாடு. பல்புகள் கண்ணுக்கு நேரே தெரியாமல், வெளிச்சம் மட்டும் அந்த அடுக்குகளுக்கு இடையிலிருந்து கசியும். படம் தொடங்குமுன் அது மெல்ல மெல்ல மங்குவதை யோசித்துப் பாருங்க. வெளித்தெருவை மறக்கவைக்க அது ஒன்றே போதும். ஏறக்குறைய 1,200 இருக்கைகள்.

இதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. டிக்கட் எடுக்கிற எவருக்கும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு மாளிகை சொந்தம். 'உங்கள் மொழிப் படம் இதற்குத் தகுதியானதுதான்' என்று அந்தச் சுவர்கள் சொல்லியிருக்கின்றன. லிபர்ட்டி எழுந்துகொண்டிருந்த 1948இல்தான் இங்கே குடியுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் இருந்து இறங்கி வந்தவர்களுக்கு டவுன் கலரியின் இருட்டே பெரிய விசாலம்தான். கொழும்பு கொள்ளுப்பிட்டியிலும் ஒரு லிபர்ட்டி தியேட்டர் உண்டு. அம்மாயி அதையும் பார்த்ததில்லை.

பம்பாய் லிபர்ட்டியில் 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' நூறு வாரத்துக்கு மேல் ஓடியது. பிறகு மல்டிபிளெக்ஸ் காலம். தினசரிக் காட்சிகள் நின்று, திரைப்பட விழா, நிகழ்ச்சி என்று கட்டடம் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

போன விடுமுறையில் அதன் படங்களை போனில் அம்மாயிக்குக் காட்டினேன். நீரூற்று வேலைப்பாட்டை விரலால் பெரிதாக்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கீழ் வரிசைகளைக் காட்டிக் கேட்டார்: "கலரிக்கும் இதே சீட்டுதானா?"