கழுத்திலிருந்து மேற்பலகைக்கு: அக்கூஸ்டிக் கிதார் செய்முறையில் சி.என்.சி. நுழைந்த வரலாறு

கிதாரின் விரல்பலகையில் ஃபிரெட் கம்பிகள் எங்கெங்கே பதிய வேண்டும் என்பது முழுக்கக் கணக்கு. 1581-இல் வின்சென்சோ கலிலேய் (வானியலாளர் கலிலியோவின் தந்தை) லூட் வாத்தியத்துக்கு 18:17 என்ற விகிதத்தைப் பரிந்துரைத்தார். மீதமிருக்கும் தந்தியின் நீளத்தைப் பதினெட்டாகப் பகுத்து ஒரு பங்கைக் கழித்தால் அடுத்த ஃபிரெட்டின் இடம் கிடைக்கும். கவராயம் பிடித்த கைக்கு இது வசதியான எண். ஆனால் 645 மி.மீ. தந்தி நீளமுள்ள கிதாரில் இந்த விதியைப் பின்பற்றினால் பன்னிரண்டாம் ஃபிரெட் சரியான நடுப்புள்ளியை எட்டாமல் 2 மி.மீ.க்குச் சற்று அதிகமாகவே பின்தங்கிவிடும். தந்தியை அழுத்தும்போது சுருதி கொஞ்சம் ஏறுவதால் பிழையின் ஒரு பகுதி மறைந்துபோனது. எஞ்சியதைச் செவி பொறுத்துக்கொண்டது. ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பகுக்கும் சமப் பகுப்புக்குரிய வகுஎண் 17.817. கணினிக்கு இதுவும் பதினெட்டும் ஒன்றுதான், கவராயத்துக்கு அப்படியல்ல.

கணினி கிதார்ப் பட்டறைக்குள் வந்ததைக் கைவினையின் வீழ்ச்சியாகப் பேசுவது வழக்கம். எந்த உறுப்புகள் எந்த வரிசையில் இயந்திரத்துக்குப் போயின என்று பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. ஏற்கெனவே வடிவக்கணிதமாக இருந்தவற்றை, அதாவது விரல்பலகை, கழுத்து, கழுத்துப் பொருத்து ஆகியவற்றை, இயந்திரம் எளிதில் எடுத்துக்கொண்டது. ஒலியை மரத்தின் குணம் தீர்மானிக்கும் மேற்பலகையின் முன் தயங்கி நின்றது.

இந்த வரலாற்றின் தொடக்கம் கணினிக்கு வெகு முன்னால். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலைக்காக, 1819-ஐ ஒட்டி, தாமஸ் பிளான்சர்டு துப்பாக்கிக் கட்டைகளைப் பிரதியெடுக்கும் கடைசல் இயந்திரத்தை உருவாக்கினார். ஒரு மாதிரிக் கட்டையின் மேல் சக்கரம் ஒன்று ஊர்ந்து செல்ல, பக்கத்திலுள்ள மரத்தை வெட்டுக்கருவி அதே வளைவில் செதுக்கும். துப்பாக்கிக் கட்டைக்கும் கிதார்க் கழுத்துக்கும் சிக்கல் ஒன்றுதான்: எந்த இடத்திலும் நேர்க்கோடு ஓடாத மரம். பின்னாளில் கிதார்த் தொழிற்சாலைகளில் புழங்கிய பிரதிச் செதுக்கிகளும், டெம்ப்ளேட் எனும் மாதிரித் தகட்டின் விளிம்பைத் தொட்டு ஓடும் ரௌட்டர்களும் இந்த வழிவந்தவையே. ஆகவே கணினி வந்தபோது கையும் உளியும் மட்டும் அங்கே காத்திருக்கவில்லை. தேய்ந்துபோன டெம்ப்ளேட்டுகள் சுவர் நிறையத் தொங்கிக்கொண்டிருந்தன. டெம்ப்ளேட் தேயும். கழுத்தை ஒரு மில்லிமீட்டர் மெலிதாக்க நினைத்தால் புதிதாக ஒன்று செய்தாக வேண்டும். அதனாலேயே பல வடிவ மாற்றங்கள் எண்ணத்தோடு நின்றுபோயிருக்கும்.

எண்களால் ஓடும் மில்லிங் இயந்திரம் ஹெலிகாப்டர் இறக்கைக்காகப் பிறந்தது. மிச்சிகனைச் சேர்ந்த ஜான் பார்சன்ஸ், இறக்கையின் வளைவைப் புள்ளிகளாகக் கணக்கிட்டு, புள்ளிக்குப் புள்ளி வெட்டினால் துல்லியம் கூடும் என்று கண்டார். அமெரிக்க விமானப்படையின் பணத்தில் எம்.ஐ.டி. ஆய்வகம் 1952-இல் அந்த இயந்திரத்தை இயக்கிக் காட்டியது. துளையிட்ட நாடாவிலிருந்து கட்டளைகள் வந்தன. இதற்கு மாற்றாக இன்னொரு முறையும் அப்போது இருந்தது: தேர்ந்த தொழிலாளி ஒருமுறை செய்து காட்டுவார், இயந்திரம் அவர் அசைவுகளைப் பதிந்துகொண்டு திரும்பச் செய்யும். எண் முறை வென்றதற்குத் துல்லியம் மட்டும் காரணமன்று, பட்டறைத் தொழிலாளியிடமிருந்து அதிகாரத்தை நிர்வாகத்துக்கு நகர்த்தும் விருப்பமும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984-இல் வாதிட்டார். விமானத் தொழிற்சாலைக்கு அவர் வாதம் வலுவானது. சிறு கிதார்ப் பட்டறைக்கு அது அப்படியே பொருந்தாது; அங்கே கணினிக் கோப்பை வரைபவரும், வெட்டுப்பாதையை அமைப்பவரும், கடைசியில் உப்புத்தாள் தேய்ப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்.

திரையில் வளைவு வரையும் கணிதம் கார்த் தொழிலிலிருந்து வந்தது. சித்ரோயனில் பால் தெ காஸ்தெல்ஜோவும் ரெனோவில் பியேர் பெசியேயும் தனித்தனியே கண்டெடுத்த முறை, சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் முழு வளைவையும் ஆளவிட்டது. கிதார்க் கழுத்து குதிகாலை (உடலோடு சேரும் அடிப்பகுதியை) நெருங்கும் இடத்தில் உருண்டையிலிருந்து தட்டைக்கு மாறுவதைக் கோட்டுச்சட்டத்தால் வரைய முடியாது. இந்த முறையில் புள்ளி ஒன்றை இழுத்தால் போதும். 1982-இல் ஆட்டோகேட் வந்தபின் கணினி வரைதல் மேசைக் கணினிக்கு இறங்கியது.

திருப்புமுனை கலிஃபோர்னியாவில். 1974-இல் தொடங்கிய டெய்லர் கிதார்ஸ் நிறுவனத்தின் பாப் டெய்லர், 1990-ஐ ஒட்டி உலோக வேலைக்கான சி.என்.சி. (கணினிவழி எண் கட்டுப்பாட்டு) இயந்திரம் ஒன்றை வாங்கி அதில் மரத்தை வெட்டத் தொடங்கினார். அவர் இயந்திரம் வாங்கியதைவிட, அதை வைத்து 1999-இல் கழுத்துப் பொருத்தையே மாற்றியதுதான் முக்கியம் என்பேன். எஃகுத் தந்திகள் எழுபது கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசையோடு கழுத்தை முன்னே சாய்க்கின்றன. பல ஆண்டுகளில் கோணம் கெட்டு, தந்தி விரல்பலகையிலிருந்து விலகி உயர்ந்துவிடும். பசை போட்டு இறுக்கிய மரபான புறாவால் வடிவப் பொருத்தை நீராவியால் தளர்த்தி, கழற்றி, செதுக்கித் திரும்ப இறக்குவது தேர்ந்தவர்களுக்கும் பெரிய வேலை. டெய்லரின் புதிய கழுத்து, உடலில் வெட்டிய பள்ளத்தில் அச்சாக உட்கார்ந்து போல்ட்டால் பிடிக்கப்பட்டது. இடையில் வைக்கும் மெல்லிய தகட்டை மாற்றினால் கோணம் மாறும். பள்ளமும் கழுத்தும் ஒவ்வொரு கிதாரிலும் ஒரே அளவில் அமைந்தால்தான் இது நடக்கும். கையால் நூறு கிதார்களுக்கு அப்படி வெட்டுவது வீண் முயற்சி. இங்கே இயந்திரம் பழைய வேலையை வேகமாகச் செய்ததோடு நிற்கவில்லை. முன்பு சாத்தியமற்றிருந்த உறுப்பைச் சாத்தியமாக்கியது.

விரல்பலகையிலும் அப்படியே. ஏறக்குறைய 0.6 மி.மீ. அகலமுள்ள பள்ளத்தை மெல்லிய வெட்டுக்கருவியால் பலகையின் ஓரத்தை எட்டாமலே நிறுத்த முடிகிறது. ரம்பம் ஓரம்வரை போய்த்தான் ஆகும். 1989-இல் ரால்ஃப் நோவாக் காப்புரிமை பெற்ற விசிறி ஃபிரெட் அமைப்பில் ஒவ்வொரு கம்பியும் வெவ்வேறு சாய்வு. அதைக் கையால் அளந்து அறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொறுமைக்கு வணக்கம்.

இயந்திர வேலையிலும் மரத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. 12 மி.மீ. உருண்டை முனைக் கருவி ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் போனால் தடங்களுக்கு இடையே சுமார் 0.02 மி.மீ. உயரமுள்ள வரப்புகள் எஞ்சும், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் அது நான்கு மடங்காகும். நேரத்தை மிச்சம்பிடித்தால் உப்புத்தாள் வேலை கூடுகிறது. குதிகாலில் இழை ஓட்டம் திரும்பும் இடத்தில் வெட்டும் திசையை மாற்றாவிட்டால் மகோகனி பிய்ந்து வரும். முரட்டு வெட்டு முடிந்ததும் உள்ளழுத்தம் விடுபட்டு மரம் வளையும் என்பதால், கழுத்தை நாள்கணக்கில் ஆறவிட்டே இறுதி வெட்டுக்கு எடுப்பார்கள். பிழை நேர்ந்தால் போவது விலையுயர்ந்த கருங்காலியோ ஈட்டியோ. பிரேசில் ஈட்டி அரிதாகியபின், மார்ட்டின் நிறுவனம் 1969-ஐ ஒட்டித் தன் வழக்கமான மாதிரிகளுக்குத் தென்னிந்திய ஈட்டிக்கு மாறியது. அந்த மரத்தைத் தமிழ்நாடும் 1994-இல் தனிச் சட்டம் இயற்றிக் காக்க வேண்டி வந்தது.

பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் டேவிட் பை 1968-இல் வேலைப்பாட்டை இரண்டாகப் பிரித்தார்: செய்யும் ஒவ்வொரு கணமும் கெட்டுப்போகக்கூடியது ஒன்று, விளைவு முன்னமே உறுதியானது மற்றொன்று. மேற்பலகைக்கு இந்தப் பிரிவு வேறு விதத்தில் பொருந்துகிறது. அங்கே அளவை உறுதி செய்தால் ஒலி உறுதியாவதில்லை. பலகையின் வளைவு விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது, 2.8 மி.மீ. பலகையை 2.5-க்கு இழைத்தால் விறைப்பில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு போய்விடும். ஒரே ஸ்புரூஸ் இனத்தின் இரு பலகைகளுக்கு இடையே மரத்தின் நெகிழ்வும் அடர்த்தியும் கணிசமாக வேறுபடும். எல்லாப் பலகைகளையும் ஒரே தடிமனில் வெட்டும் நிரல், ஒவ்வொரு கிதாரையும் வெவ்வேறு விறைப்பில் பிறப்பிக்கிறது. இதனால்தான் பலகையின் அடியில் ஒட்டும் தாங்குசட்டங்களை இயந்திரத்தில் சற்றுப் பருமனாக வெட்டிவிட்டு, பலகையைத் தட்டிக் கேட்டபடி உளியால் குறைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

2011-இல் டிரெவர் கோரும் ஜெரார்டு கிலெட்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியிட்ட நூல் இந்த எல்லையை நகர்த்தியது. பலகையின் எடையை நிறுத்து, தட்டினால் எழும் அதிர்வெண்ணை அளந்து, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் நெகிழ்வுக் குணகத்தைக் கணக்கிட்டு, அந்தக் குறிப்பிட்ட பலகைக்குரிய தடிமனைச் சூத்திரத்தால் பெறலாம் என்று அவர்கள் காட்டினர். இதை ஏற்றுக்கொள்ளும் பட்டறையில் எண் டெம்ப்ளேட்டாக இருப்பதில்லை. ஒவ்வொரு பலகையையும் அளந்தபின்தான் அதற்கான தடிமன் இயந்திரத்துக்குச் சொல்லப்படுகிறது.