எட்டுக் கட்டி அரிசியும் கலோரிக் கணக்கும்

ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு உண்ணவேண்டும் என்னும் வினா எளியதாகத் தோன்றும். அக்கணக்கு பிழைத்தால் என்ன நேரும் என்பதைச் சிங்கப்பூர் தன் வரலாற்றிலேயே கண்டிருக்கிறது.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இந்நகரைச் 'சியோனான்' என்னும் பெயரில் ஆண்டனர். அரிசி பங்கீட்டில் வழங்கப்பட்டது. 1944 பிப்ரவரியில் மாதப் பங்கீடு ஆடவருக்கு 8 கட்டி, பெண்டிருக்கு 6 கட்டி, சிறுவருக்கு 4 கட்டி எனச் சுருங்கியது. ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம். ஆகவே ஆடவர் ஒருவருக்கு நாள்தோறும் கிடைத்தது சுமார் 160 கிராம் அரிசி. நூறு கிராம் அரிசி தருவது ஏறக்குறைய 350 கலோரி. எனில் அவர் பெற்றது 560 கலோரியே. வளர்ந்த ஆடவருக்குச் சராசரியாக 2,200 கலோரியும் பெண்ணுக்கு 1,800 கலோரியும் வேண்டும் என்பது இன்று சிங்கப்பூரில் வழங்கும் கணக்கு. மூட்டை சுமப்போர்க்கும் மண் வெட்டுவோர்க்கும் தேவை இன்னும் மிகுதி. தேவையில் கால் பங்கே அரிசியாக வந்தது.

எஞ்சிய குறையை மரவள்ளிக்கிழங்கு ஓரளவு ஈடுசெய்தது. வீட்டுக் கொல்லையிலும் வெற்று நிலங்களிலும் மக்கள் அதனைப் பயிரிட்டனர். வயிறு நிரம்பிற்று, ஆயினும் கால்கள் வீங்கின. பெரிபெரி நோய் பரவிப் பல உயிர்களைக் கவர்ந்தது. கிழங்கில் கலோரி உண்டு; நரம்பையும் இதயத்தையும் காக்கும் 'பி1' உயிர்ச்சத்தோ மிகச் சொற்பம்.

இப்பாடம் மலாயாவுக்குப் புதிதன்று. தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிய, புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பியதை மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். அவ்வாண்டு முதல் 1909 வரை கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலைப் பணி செய்த ஜாவானியரிடையே இதனைச் சோதித்தனர். வெள்ளரிசி உண்டோரை நோய் பற்றியது. புழுங்கல் உண்டோரை அணுகவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; பின்னர்த் தீட்டினும் முழுதும் நீங்குவதில்லை. இரு வகை அரிசிக்கும் கலோரி ஏறக்குறைய ஒன்றே. உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது அக்கணக்கில் அகப்படாத சிறு சத்து.

சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் இன்றும் புழுங்கல் அரிசி விற்பனையாகிறது. கூலிக்கு வந்த ஏழைத் தமிழர், காரணம் அறியாமலே காத்துவந்த வழக்கம் அது. உணவின் அளவைக் கலோரி காட்டும். அதன் தகுதியைக் காட்டாது. பசியைக் கணக்கிடுவோர் இரண்டையும் எண்ணுதல் வேண்டும்.