அஞ்சடியில் ஒரு படி

சுங்கைப் பட்டாணி, கூலிம் முதலிய கெடா நகரங்களின் பழைய கடைவரிசைகளில், அஞ்சடி என நாம் வழங்கும் நடைபாதை மழைக்கும் வெயிலுக்கும் நல்ல ஒதுக்கிடம். ஆனால் அது சமதளமன்று. கடைக்குக் கடை ஏறியிறங்கும். தோட்டத்திலிருந்து மருந்துக்கும் வங்கிக்கும் வரும் சக்கர நாற்காலியர்க்கு ஒவ்வொரு படியும் ஒரு மதில்.

இம்மதிலைத் தகர்க்கும் முயற்சிக்கும் வரலாறுண்டு. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களில் 34ஏ என்னும் விதி 1990களின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டது. எம்.எஸ். 1184 என்னும் தரக்குறியீடு 1991இல் வெளிவந்து, 2002இலும் 2014இலும் திருத்தம் பெற்றது. எனினும் ஏட்டிலுள்ள விதி தானே கட்டடமாகி விடுவதில்லை. கோலாலம்பூரின் முதல் இலகு ரயில் தடத்தில் தமக்கு வழியில்லை என்றறிந்த உடற்பேறு குறைந்தோர் 1994இல் வீதியில் திரண்டனர். 1998இல் திறக்கப்பட்ட அடுத்த தடத்தின் நிலையங்களில் மின்தூக்கிகள் அமைந்தன. 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம் பொதுக் கட்டடங்களில் நுழையும் உரிமையை ஏற்றது. மீறுவோர்க்குத் தண்டனை விதிக்கவில்லை. பல்லில்லாச் சட்டம் எனலாம்.

ஆகவே, வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் நகராண்மைக் கழகமே உண்மையான களம். சக்கர நாற்காலியில் இயங்கும் அந்தோணி தனசாயன் பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்ற உறுப்பினராக அமர்ந்தது இதனாற்றான் குறிப்பிடத்தக்கது.

கெடாவில் அத்தகையோர் என்ன பேசுவர்? ஒரு கணக்கைப் பாருங்கள். சாய்தளத்தின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்பது வழக்கமான அளவு. 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். அஞ்சடியின் அகலமோ ஏறத்தாழ 1.5 மீட்டர்தான்! குறுக்கே சாய்தளம் போட்டால் அது போதாது. நெடுக்கே போட்டால் அண்டைக் கடைக்காரர் இசைய வேண்டும். சாலையோரத்தில் போட்டால் கார் நிறுத்துமிடம் குறையும். தனிக் கடைக்காரரால் ஆகாத இதனைக் கடைவரிசை முழுவதற்குமாகக் கழகமே செய்தல் இயலும். செய்விக்கக் குழுவினர் அளவுகோலுடன் சென்று, படிதோறும் அளந்து, வரைபடமாக முன்வைக்க வேண்டும்.

மின்சார இரட்டைத் தண்டவாளம் வந்தபின் சுங்கைப் பட்டாணி நிலையத்தில் மின்தூக்கி உண்டு. அதிலிறங்கி வெளிவருபவர் கடைத்தெருவில் அதே படியின் முன் நிற்கிறார். தோட்ட லயத்துத் திண்ணையில் கிடப்பவரோ அந்நிலையம் வரையிலும் வந்ததில்லை. கழகத்தின் முன் பேசும் குழுவில் அவருக்கும் ஓர் இடம் வேண்டும்.