புணை விளையாட்டு

புணை விளையாட்டு என்பது, மிதக்கும் பொருளொன்றைப் பற்றிக்கொண்டோ அதன்மேல் அமர்ந்தோ நீரில் ஆடும் ஜலக்கிரீடையின் பொதுப்பெயர். நாணற்கட்டு, கிடைச்சி என்னும் நெட்டி, சுரைக்குடுக்கை, வாழைத்தண்டு, லாரி டியூப் என மிதவை காலந்தோறும் மாறி வந்திருப்பினும், நீச்சல் வல்லவர்க்கே உரியதாயிருந்த ஆழத்தை நீந்தத் தெரியாதவர்க்கும் அது திறந்துவிட்டது என்பது இதன் சரித்திரம் முழுவதிலும் மாறாதிருக்கும் அம்சமாகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தோன்றிய டியூப் வாட்டர் போலோ இதன் மிகப் பிந்திய வடிவம். தமிழகத்துச் செய்திகளுள் பெரும்பகுதி சங்க இலக்கியத்திலிருந்து கிடைப்பது. திருவண்ணாமலை வட்டாரத்துச் செய்திகள் அங்கங்கே சேர்க்கப்பட்டுள்ளன.

சங்க நூல்கள்: கணவனும் மனைவியும் ஊரெல்லை கடந்து சென்று ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் விளையாடி மகிழ்தல் உரியது எனத் தொல்காப்பியக் கற்பியல் விதிக்கிறது. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதப் பகுதியில் 'புனலாட்டுப் பத்து' என்றே ஒரு பத்து அமைந்திருக்கிறது. அதில் ஒருத்தி, சோழன் கிள்ளியின் மதிலழிக்கும் யானை போல அணையை உடைத்துக்கொண்டு வரும் புதுவெள்ளத்தில் ஆட வருமாறு தலைவனை அழைத்து, தங்கள் தோளை ஒத்த புணையைத் தங்களோடு பற்றிக்கொள்ளுமாறு கேட்கிறாள். அகநானூற்றின் ஆறாம் பாட்டில் பரணர் காட்டும் தலைவியோ இதற்கு நேர் எதிர்நிலையில் நிற்பவள். காவிரிப் பெருக்கில் வேழக்கோலால் கட்டிய வெண்புணையைத் தழுவி, முந்திய நாள் வேறொருத்தியுடன் ஆடிவிட்டு வந்த கணவனிடம் அச்செய்தியை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்லி ஊடுகிறாள். ஒருவரோடு ஒரே புணையைப் பற்றுதல் என்பது ஊரறிய உறவை அறிவிக்கும் செயலாகக் கொள்ளப்பட்டதை இவ்விரு பாட்டுக்களும் புலப்படுத்துகின்றன.

புணையின் அமைப்பையும் அதைப் பற்றும் முறையையும் தெளிவாகக் காட்டுவது குறுந்தொகையின் 222-ஆம் பாட்டு. சிறைக்குடி ஆந்தையார் பாடியது. தோழி புணையின் தலைப்பக்கத்தைப் பற்றினால் தலைவியும் அதையே பற்றுகிறாள். கடைப்பக்கத்தைப் பற்றினால் அவளும் அங்கே வந்துவிடுகிறாள். புணையைக் கைவிட்டுத் தோழி வெள்ளத்தோடு போவாளாயின் இவளும் அவ்வழியே போய்விடுவாள் போலிருக்கிறது என்று, தோழியின் வாயிலாகவே தலைவியை அடைய வேண்டியவனாகிய தலைவன் கரையில் நின்று கண்டு தனக்குள் சொல்லிக்கொள்கிறான். புணைக்குத் தலையும் கடையும் என இரு முனைகள் இருந்தன, இருவர் மூவராகப் பற்றி ஆடும் அளவுக்கு அது நீளமுடையது, ஆடுவோர் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்ற மூன்று செய்திகளும் இந்தச் சிறு பாட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. விளையாட்டின் சரித்திரத்தை ஆராய்வோர் இதற்குமேல் ஒரு புலவரிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. அந்தத் தலைவியின் பெயரைத்தான் அகத்திணை மரபு மறைத்துவிட்டது.

வையை நீராட்டை விரித்துரைக்கும் பரிபாடலில் யானை, குதிரை, கோவேறு கழுதை ஆகியவற்றின்மேல் ஆற்றங்கரைக்கு வருவோரும், வண்ணநீரைச் சிவிறியால் பீய்ச்சுவோரும், வெண்ணிறக் கிடைச்சியால் செய்த மிதவையினரும் காணப்படுகின்றனர். எழுபது பாடல்களாயிருந்த இந்நூலில் வையைக்கு உரியவை இருபத்தாறு என்பர், உ. வே. சாமிநாதையர் 1918-இல் பதிப்பித்தபோது முழுமையாகக் கிடைத்தவை எல்லாமாக இருபத்திரண்டே. பதினோராம் பாடலில் கூறப்படும் கிரகநிலையைக் கணித்து எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை அது கி.பி. 634-ஆம் ஆண்டைக் குறிக்கும் என்றார். அவ்வளவு பிற்பட்டதன்று என மறுத்தோரும் உளர். ஆகவே இந்த மிதவைகளின் காலத்தை வரையறுத்துக் கூறுதல் எளிதன்று.

மிதவையின்றி ஆடியதற்கும் சான்று உண்டு. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதுபுலவர், குளத்தின்மேல் தாழ்ந்த மருதக்கிளையில் ஏறி, கரையிலுள்ளோர் வியக்க ஆழத்தில் பாய்ந்து மணல் எடுத்து வந்த தம் இளமையை நினைந்து இரங்கும் பாட்டுப் புறநானூற்றில் உள்ளது. கழார் என்னும் ஊரின் நீர்விழாவில் ஆட்டனத்தியைக் காவிரி கவர்ந்து சென்றதும், அவன் காதலி ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்ததும் பலகாலும் பேசப்படுவன. ஆட்டனத்தி சேர அரசனா, ஆடல் வல்ல கூத்தனா என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை.

திருவண்ணாமலைச் சீமைக்கு உரிய சங்கநூல் மலைபடுகடாம். செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது இது. நவிரமலையும் சேயாறும் இதில் வருகின்றன. நவிரம் இன்றைய பருவதமலை என்பது பெரும்பாலோர் கருத்து. ஆனால் வையைப் புலவர்களைப் போல இப்புலவர் நீராட்டில் மனம் செலுத்தவில்லை. பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்வதே நோக்கமாதலின், பாசி படர்ந்த சுனைக்கரையில் வழுக்கி விழாமல் நாணற்கோலைப் பற்றிக்கொண்டு கடந்து செல்லுமாறு எச்சரிக்கிறார். வேறிடத்தில் புணையாகக் கட்டப்படும் கோல் இங்கே கைப்பிடியாக உதவுகிறது.

காப்பியங்கள்: பூஞ்சோலையில் இன்புறுதலும் புனல் விளையாடலும் பெருங்காப்பியத்துக்கு உரிய வருணனைகள் எனத் தண்டியலங்காரம் கூறுவதால், பிற்காலக் கவிகள் அனைவரும் அதனைக் கடமையாக ஏற்றனர். பெருங்கதையில் உஞ்சை நகரத்து நீர்விழாவும், கம்பராமாயணப் பாலகாண்டத்தில் நீர் விளையாட்டுப் படலமும் உள்ளன. சீவக சிந்தாமணியில் குணமாலையும் சுரமஞ்சரியும், யாருடைய சுண்ணம் உயர்ந்தது என்று நீர்விழாவில் போட்டியிடுகின்றனர். தோற்றவள் அந்நீரில் ஆடலாகாது என்பது நிபந்தனை. நடுவனாக அமைந்தவன் சீவகன். வண்டுகள் எதை நாடினவோ அதுவே சிறந்தது எனத் தீர்ப்பாயிற்று. விதி, பந்தயம், நடுவர் என்ற மூன்றும் பொருந்திய நீர்விழாப் போட்டி நம் காப்பியங்களில் இதுபோல் வேறில்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழில் நீராடற் பருவம் நிலைபெற்றது.

திருக்கோயில் தெப்பம்: இடைக்காலத்தில் மனிதரின் புணை பற்றிய பேச்சு குறைந்து, தெய்வத்தின் தெப்பம் முதலிடம் பெறுகிறது. அருணாசலேசுவரர் ஆலயத்தில் ஆயிரங்கால் மண்டபமும் சிவகங்கைத் தீர்த்தமும் கிருஷ்ணதேவராயர் பணியாகக் கருதப்படுபவை. கார்த்திகைத் தீபத்தை அடுத்த மூன்று இரவுகளிலும் தெப்போற்சவம் நடைபெறுவது, ஊரின் கிழக்கே அருணகிரிநாதர் கோயிலை அடுத்துள்ள ஐயங்குளத்தில். முதல் இரவு சந்திரசேகரர், அடுத்து பராசக்தி, மூன்றாம் இரவு சுப்பிரமணியர் எழுந்தருள்வர். இக்குளத்துக்கு வேறொரு பிரசித்தியும் உண்டு. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை வந்தடைந்த ரமணர், தம்மிடம் இருந்த தின்பண்டப் பொட்டலத்தை எறிந்தது இக்குளத்தில்தான். மதுரையில் பள்ளிச் சிறுவனாயிருந்தபோது கால்பந்தும் மல்யுத்தமும் நீச்சலும் அவருக்கு விருப்பமானவை என அவர் சரித்திரம் எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

சுவாமி ஆற்றுக்கு எழுந்தருளும் தீர்த்தவாரிகளும் இங்கே உண்டு. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்ப்பேட்டையிலும், ரதசப்தமியன்று கலசபாக்கத்தில் செய்யாற்றிலும் அருணாசலேசுவரர்க்கு நீராட்டு நடைபெறுகிறது. மலைபடுகடாம் கூறும் சேயாறே இச்செய்யாறு.

சுரைக்குடுக்கையும் டியூபும்: கிராமத்துக் கிணறுகளில் நீச்சல் பழகும் சிறுவர்க்குக் காய்ந்த சுரைப்புருடையை இடுப்பில் கட்டி இறக்குவது நெடுங்கால வழக்கம். வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டுவதும், பிற்காலத்தில் வெறும் பிளாஸ்டிக் கேனைக் கட்டுவதும் உண்டு. காற்றடைத்த டயர் 1888-இல் டன்லப் வழியாகப் பரவி, பேருந்தும் லாரியும் பெருகியபின், பஞ்சர் கடையில் ஒட்டுப்போட்டுப் பயனற்றதாகக் கழித்த டியூப், கிணற்றடிக்கும் ஏரிக்கும் வந்து சேர்ந்தது. சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் திருவொற்றியூரிலும் டயர்த் தொழிற்சாலைகள் தோன்றிய பின்னர் இப்பொருள் மலிந்தது. வெயிலில் கிடந்த கறுப்பு டியூப் தொடையைச் சுடும். வால்வு முனை விலாவைக் கீறும். அனுபவமுள்ள சிறுவர் முதலில் அதை நனைத்து, வால்வை வெளிப்புறம் திருப்பிவிட்டே ஏறுவர். டியூப் இல்லாத டயர் பரவியதால் இம்மிதவை அருகி வருகிறது.

நீர்ப்பந்தாட்டம்: வாட்டர் போலோ எனப்படும் நீர்ப்பந்தாட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் உருவாயிற்று. அதன் முதல் விதிகளை 1870-களில் ஸ்காட்லாந்தின் வில்லியம் வில்சன் வகுத்தார் என்பது பொதுவான கொள்கை. 1900-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இந்திய அணி 1948-இல் லண்டனில் சிலியை 7-4 என்ற கணக்கில் வென்றது. 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் சிங்கப்பூரை 6-4 என வென்று தங்கப்பதக்கம் பெற்றது. போட்டியிட்டவை இவ்விரண்டு அணிகளே என்பதையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. 1970-இல் பாங்காக்கில் வெள்ளியும் 1982-இல் டில்லியில் வெண்கலமும் கிடைத்தன. ஆட்டம் முழுவதும் தரையில் கால் ஊன்றாமல் நீரில் நின்றபடியே, ஒரு கையால் மட்டும் பந்தைக் கையாள வேண்டுமாதலால் இது சாமானியர்க்கு எட்டாத ஆட்டமாகவே இருந்துவந்தது.

டியூப் வாட்டர் போலோ: இக்குறையை நீக்க, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் விளையாட்டு நிர்வாகியாயிருந்த கேரி கோல்பர்க் 1969-இல் டியூபைப் புகுத்தினார் என்று கூறப்படுகிறது. பந்து, கோல், இரு அணிகள் ஆகியன மூல ஆட்டத்தைப் போன்றவையே. வேறுபாடு, ஆடுவோர் டியூபின் நடுத்துளையில் இடுப்பு பதிய, கைகால்கள் விளிம்புக்கு வெளியே கிடக்க, மல்லாந்த நிலையில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதில் தொடங்குகிறது. பின்னோக்கித் துழாவிச் செல்வதே விரைவான வழியாதலால், ஆடுவோர் பெரும்பாலும் தாம் போகுமிடத்தைப் பாராமலே போகின்றனர். பார்ப்போர்க்கு இது மிகுந்த விநோதம்.

பெரும்பாலான இடங்களில் இரு கைகளாலும் பந்தைப் பிடிக்கலாம். டியூபிலிருந்து விழுந்தவர் மீண்டும் ஏறி அமரும்வரை பந்தைத் தொடலாகாது; அந்நிலையில் போட்ட கோல் செல்லாது. பந்து வைத்திருப்பவரின் டியூபைக் கவிழ்த்துவிடப் பல கழகங்கள் இடமளிக்கின்றன. பந்தில்லாதவரைக் கவிழ்ப்பதும் அவர் டியூபைப் பிடித்து நிறுத்துவதும் குற்றம். கோல்காப்பவர்க்கு டியூப் வேண்டியதில்லை என்பது ஒரு வழக்கு. அவரும் அமர்ந்தே காக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் அணிகளில், பெண் போடும் கோலுக்குக் கூடுதல் புள்ளி தரும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. அது மரியாதையா, குறைத்து மதிப்பிடுவதா என்பது இன்னும் தீராத வாதம். கவிழ்க்கும்போது தலையையோ கழுத்தையோ பற்றுவதை மட்டும் எந்தக் கழகமும் அனுமதிப்பதில்லை.

கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் இவ்வாட்டம் ஓரளவு பரவியுள்ளது. உலகளாவிய ஆட்சிக் கழகம் எதுவும் இதற்கு இல்லாமையால் பொது விதிநூலும் இல்லை. ஓர் அணியில் ஆடுவோர் எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.