புதுப்பித்தல் கோட்பாடு

புதுப்பித்தல் கோட்பாடு நிகழ்தகவியலின் ஒரு பிரிவு. திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு நிகழ்ச்சியை அது ஆராய்கிறது. அடுத்தடுத்த இரு நிகழ்ச்சிகளுக்கு நடுவிலான காலம் முன்கூட்டிச் சொல்ல முடியாததாக இருக்கலாம். ஆனால் ஓர் இடைவெளி இன்னொன்றைச் சார்ந்திருக்கக் கூடாது, எல்லா இடைவெளிகளும் ஒரே நிகழ்தகவுப் பரவலைப் பின்பற்ற வேண்டும். டியூப்லைட் எரிந்துபோனால் அதே வகையில் புதியது ஒன்றை மாட்டுகிறோம். அதுவும் ஒருநாள் போகிறது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கணக்கு சுழியத்திலிருந்து தொடங்குகிறது. முந்தைய விளக்கு எத்தனை நாள் எரிந்தது என்பது புதியதன் ஆயுளைப் பாதிப்பதில்லை.

குறிப்பிட்ட காலத்துக்குள் எத்தனை முறை மாற்ற நேரும்? ஏதோ ஒரு கணத்தில் வந்து பார்த்தால், அடுத்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு நேரம் இருக்கும்? இந்த இரண்டுமே அடிப்படைக் கேள்விகள். பலரும் சராசரி இடைவெளியை வைத்தே விடை சொல்லிவிடலாம் என்று நினைப்பார்கள். நெடுங்காலத்தில் மொத்தம் எத்தனை என்று கேட்டால் அது சரிதான்: காலத்தைச் சராசரி ஆயுளால் வகுத்தால் போதும். மற்றக் கேள்விகளில் இடைவெளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. இந்தக் கோட்பாட்டின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

இதன் வேர்கள் மக்கள்தொகைக் கணிதத்தில் உள்ளன. பிறந்தவர்கள் வளர்ந்து பிள்ளை பெறுவதை, இன்று புதுப்பித்தல் சமன்பாடு எனப்படும் ஒரு தொகையீட்டுச் சமன்பாடாக எழுதியவர் ஆல்ஃபிரட் லோட்கா. அதே முறையைத் தொழிற்சாலைப் பொருள்களை மாற்றுவதற்கும் பொருத்தி 1939இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தச் சமன்பாட்டுக்கு 1941இல் வில்லியம் ஃபெல்லர் கறாரான கணித அடித்தளம் அமைத்தார். 1948இல் ஜோசப் டூப் இதை முழுக்க நிகழ்தகவு நோக்கில் எழுதினார். அதே ஆண்டில் டேவிட் பிளாக்வெல் தம் பெயரால் இன்று வழங்கும் தேற்றத்தை வெளியிட்டார். அப்போது அவர் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1965இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவரும் அவரே. 1962இல் வந்த டேவிட் காக்ஸின் சிறு நூல் இத்துறையைப் பொறியாளர்களிடம் கொண்டு சேர்த்தது.

பிளாக்வெல் தேற்றம் சொல்வதை ஒரு தெருவிளக்குத் தொகுதியில் பார்க்கலாம். 1,000 விளக்குகளை ஒரே நாளில் புதிதாக மாட்டியதாகக் கொள்வோம். சராசரி ஆயுளை ஒட்டி அவை கொத்தாகப் பழுதாகும். பிறகு சற்று ஓய்வு. இரண்டாம் சுற்றுப் பழுதுகள் இன்னும் பரவலாக வரும், மூன்றாவது அதைவிட. நாளாக ஆக இந்த ஏற்ற இறக்கம் மட்டுப்பட்டு, எந்த வாரத்தை எடுத்தாலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் பழுதுகள் வரும். அந்த எண்ணிக்கையைத் தருவது சராசரி. ஆனால் அந்த நிலைக்கு எவ்வளவு விரைவில் வந்து சேரும் என்பதைச் சிதறல் முடிவு செய்கிறது. எல்லா விளக்குகளும் துல்லியமாக ஒரே ஆயுள் கொண்டவையாக இருந்தால் அலை ஒருபோதும் அடங்காது.

பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்களின் கணக்கு இன்னும் வியப்பானது. சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து. சரியாக 10 நிமிட இடைவெளியில் வந்தால், ஏதோ ஒரு நேரத்தில் வந்து நிற்பவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். இடைவெளிகளில் பாதி 5 நிமிடமாகவும் பாதி 15 நிமிடமாகவும் இருந்தால்? சராசரி இப்போதும் 10தான். ஆனால் நீண்ட இடைவெளிகள் மொத்த நேரத்தில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்வதால், பயணி அவற்றில் ஒன்றில் வந்து நிற்பதற்கே வாய்ப்பு அதிகம். சராசரிக் காத்திருப்பு 6.25 நிமிடமாகிறது. 1 நிமிடமும் 19 நிமிடமுமாக மாறி மாறி வந்தால் 9.05 நிமிடம். பொது விதி இது: இடைவெளியின் வர்க்கத்தின் சராசரியை, இடைவெளிச் சராசரியின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். இதை ஆய்வு முரண் என்பார்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பேருந்துகள் வந்துவிட்டு, பிறகு வெகுநேரம் எதுவும் வராமல் இருப்பதைக் கண்டு பயணிகள் சொல்லும் குறையில் முழு நியாயம் இருக்கிறது. பேருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டாமலே, இடைவெளியைச் சீராக்கினாலே காத்திருப்பு குறையும்.

உதிரி பாகக் கிடங்கிலும் இதே நிலைதான். ஒரு பேரிங்கின் சராசரி ஆயுள் 500 மணி நேரம், திட்ட விலக்கம் 100 மணி நேரம் என்று கொள்வோம். இயந்திரம் 10,000 மணி நேரம் ஓட வேண்டும். சராசரிக் கணக்குப்படி 20 பேரிங் போதும். இயல்நிலைப் பரவலைக் கொண்டு மதிப்பிட்டால், பொருத்தியிருப்பது போக 20 உதிரிகள் இருந்தால் தட்டுப்பாடு வராமல் இருக்க ஏறக்குறைய 86 விழுக்காடு வாய்ப்பு. 21 இருந்தால் 98 விழுக்காடு. பழுதுகள் பாய்சான் முறையில், அதாவது பழையது புதியது என்ற வேறுபாடின்றி எந்த நேரமும் வரலாம் என்ற வகையில் இருந்தால், அதே உறுதிக்கு ஏறத்தாழ 30 உதிரிகள் வேண்டும். இரண்டிலும் சராசரி ஒன்றே. கிடங்கில் முடங்கும் பணம் மட்டும் வேறு.

பழுதாகும் முன்பே மாற்றிவிடலாமா என்ற கேள்விக்கு இன்னொரு தேற்றம் உதவுகிறது. ஒரு சுற்றில் ஆகும் சராசரிச் செலவை, ஒரு சுற்றின் சராசரிக் கால அளவால் வகுத்தால் நெடுங்காலச் செலவு வீதம் கிடைக்கும். முன்கூட்டி மாற்றும் வயதைக் கூட்டியும் குறைத்தும் இந்த வீதம் எங்கே மிகக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். தேய்மானத்தால் பழுதாகும் பாகங்களுக்கு இது நல்ல பலன் தரும். வயதைப் பொருட்படுத்தாமல் பழுதாகும் பாகங்களை முன்கூட்டி மாற்றுவது வீண் செலவு. நன்றாக இயங்குவதைத் தூக்கி எறிவதைத் தவிர அதில் எதுவும் இல்லை.

காப்பீட்டுத் துறையில் ஃபிலிப் லுண்ட்பெர்க் 1903இல் தொடங்கி, ஹரால்ட் கிராமேர் வளர்த்தெடுத்த நொடிப்பு நிகழ்தகவுக் கணக்கும் புதுப்பித்தல் சமன்பாட்டில்தான் முடிகிறது. தொற்றுநோயியலிலும் இது வேரூன்றிவிட்டது: இன்றைய புதிய தொற்றுகள், கடந்த நாள்களின் தொற்றுகளை உரிய எடையிட்டுக் கூட்டி, ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்ற இனப்பெருக்க எண்ணால் பெருக்கிக் கிடைப்பவை. 2020இல் கொரோனா பரவலை மதிப்பிட்ட பல குழுக்கள் இந்தச் சமன்பாட்டையே பயன்படுத்தின.

எல்லா இடத்திலும் இது பொருந்தாது. பஞ்சரை ஒட்டிய டயர் புதிய டயர் ஆகிவிடாது. பழுது பார்த்த இயந்திரம் பழைய தேய்மானத்தைச் சுமந்துகொண்டே ஓடுகிறது. அங்கே இடைவெளிகள் நாளடைவில் சுருங்கும், வேறு மாதிரிகள் தேவைப்படும். இதைக் கண்டறிய மாத இறுதியில் எத்தனை பழுது என்ற மொத்தக் கணக்கு உதவாது. பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவர்கள் ஒவ்வொரு பழுதும் நேர்ந்த நாளையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும்.