கரோல் பாக்கின் நிழல்: ஒரு குறிப்பு

கரோல் பாக்கில் ஹோஸ்டா செழிக்காது. நிழல் இல்லாமையால் அன்று, குளிர் போதாமையால். நிழல் தோட்டம் பற்றிய மேலைநாட்டு நூல்கள் முதலிடம் தரும் இச்செடி சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளுக்கு உரியது. கெம்ப்ஃபர் 1712இல் வெளியிட்ட நூல்வழி ஐரோப்பியர் இதனை அறிந்தனர். 1812இல் டிராட்டினிக், ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹோஸ்டின் பெயரை இதற்குச் சூட்டினார். 1829இல் ஜப்பானிலிருந்து வெளியேற்றப்பட்ட சீபோல்ட், பின்னர் லெய்டனிலிருந்து இதன் வகைகளைப் பரப்பினார். குளிர்காலத்தில் இலைகள் மடிந்தபின் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு, உறைநிலையை ஒட்டிய குளிரில் பல வாரங்கள் உறங்கியாக வேண்டும். தில்லியிலோ சனவரியிலும் பகல் வெப்பம் 20 பாகையை ஒட்டியே நிற்கிறது. மே மாதத்தில் 40 பாகை.

அந்நூல்களில் நிழல் என்பது ஒளியின் அளவு மட்டுமே. தில்லியில் அதற்கு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் பங்கீடும் உண்டு.

1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டபின், புதுதில்லியின் சாலை மரங்களை நட்டு வளர்க்கும் பொறுப்பு டபிள்யூ. ஆர். மஸ்டோ என்னும் தோட்டக்கலை வல்லுநரிடம் வந்தது. நாவல், வேம்பு, மருது, புளி, அரசு என நடப்பட்டவற்றுள் பெரும்பாலானவை தமிழர்க்கு அறிமுகம் தேவைப்படாத மரங்கள். கோடையில் இலை உதிர்க்காதவையே பெரிதும் விரும்பப்பட்டன. இத்தேர்வின் நிறைகுறைகளை அறிய விரும்புவோர் பிரதீப் கிருஷன் 2006இல் வெளியிட்ட ‘ட்ரீஸ் ஆஃப் டெல்லி’ நூலைப் படிக்கலாம்.

அதே நகராக்கத்தில், கன்னாட் பிளேஸ் எழுவதற்காக மாதோகஞ்ச், ராஜா கா பஜார், ஜெய்சிங்புரா ஆகிய ஊர்களின் மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்கள் குடியேற்றப்பட்ட இடம் புதரும் பாறையுமாகக் கிடந்த கரோல் பாக். ‘பாக்’ என்றால் தோட்டம் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியுள்ளது. மஸ்டோவின் மரவரிசைகளைப் போற்றும் வரலாற்றையும் இம்மூன்று ஊர்களின் வரலாற்றையும் தனித்தனியே வாசிக்கும் வழக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நிழல் ஓரிடத்தில் நடப்பட்டது. அதற்காக நிலத்தை இழந்தோர் பாறைக்கு அனுப்பப்பட்டனர்.

கரோல் பாக்கை அடுத்துள்ள ரிட்ஜ் என்னும் குன்றுத்தொடர் பசுமையாகவே தெரிகிறது. எனினும் அப்பசுமையின் பெரும்பகுதி காலனிய ஆட்சி அறிமுகப்படுத்திய சீமைக் கருவேலம். இராமநாதபுரத்தாருக்கு இதன் குணத்தை விளக்க வேண்டியதில்லை: தன் அடியில் பிற செடிகளை எளிதில் எழவிடாது. நிழல் உண்டு, நிழல் தோட்டம் இல்லை.

இன்று கரோல் பாக்கின் சந்துகளில் நிழல் தருபவை பெரும்பாலும் கட்டடங்களே. 2019இல் அஜ்மல் கான் சாலையின் ஒரு பகுதி நடப்போருக்கென ஒதுக்கப்பட்டு, செடித்தொட்டிகள் வைக்கப்பட்டன. தொட்டிச் செடி பந்தலாகாது. மரம் வேர்விட மண் வேண்டும். இப்பகுதியின் நெருக்கத்தில் அரிதானது அதுவே.

சுவரின் நிழலில் எதை வளர்ப்பது என்று கேட்கும் மாணவர்க்கு என் விடை சேம்பு. ஹோஸ்டாவைப் போலவே அகன்ற இலை, மண்ணுக்குள் கிழங்கு. ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். குளிரில் இலை வாடினாலும் வெப்பம் மீண்டதும் தளிர்க்கும். அரசுப் பணிக்காக இங்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தொட்டிகளில் வளர்க்கும் கறிவேப்பிலையின் நிலை நேரெதிர். ஹோஸ்டாவுக்குப் போதாத அதே குளிர் அதற்கு மிகுதி. சனவரியில் இலைகளை உதிர்த்து நிற்கும்.